எல்.பி. செய்யும்போது ஊசி சிக்கினால்: கட்டிலருகே நிற்பவருக்கான முழு வழிகாட்டி

லம்பர் பங்சர், நாம் சொல்கிற எல்.பி., புத்தகத்தில் பத்து வரியில் முடிந்துவிடும். இடுப்புப் பகுதியில் ஊசியைச் செலுத்து, தண்டுவட நீரை எடு, அவ்வளவுதான். கட்டிலருகே நிற்கும்போதுதான் ஊசி டொக்கென்று எலும்பில் முட்டும், நீர் வர வேண்டிய இடத்தில் ரத்தம் வரும், நோயாளி "கால்ல கரண்ட் அடிக்குது டாக்டர்" என்பார். அந்த நேரத்தில் மண்டையில் ஓட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஊசி முனை இப்போது எங்கே நிற்கிறது? அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பயிற்சி மருத்துவர்களையும் முதல் வருட முதுகலை மாணவர்களான பிஜிக்களையும் மனதில் வைத்து எழுதியது, ஆனாலும் இதைப் படித்துவிட்டுத் தனியாகப் போய் ஊசியைப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் செய்து பழகியவர் ஒருவர் நிற்கட்டும். வீட்டில் யாருக்கோ எல்.பி. என்று சொல்லிவிட்டார்கள், பயமாக இருக்கிறது என்று வந்தவர்கள் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

ஊசி பாக்கெட்டைப் பிரிக்கும் முன்

இவருக்கு இப்போது எல்.பி. செய்யலாமா என்பது முதல் கேள்வி. மூளைக்குள் கட்டியோ சீழோ இருந்து அழுத்தம் ஏறியிருந்தால், கீழே நீரை எடுத்ததும் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி இறங்கும் ஆபத்து உண்டு. நினைவு குறைந்திருப்பவர், ஒரு பக்கக் கை கால் பலவீனமானவர், புதிதாக வலிப்பு வந்தவர், கண்ணுக்குள் பார்த்தால் பார்வை நரம்புத் தட்டு வீங்கியிருப்பவர், எதிர்ப்பு சக்தி குன்றியவர், இவர்களுக்கெல்லாம் முதலில் சி.டி. ஆனால் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வலுவாக இருந்தால் சி.டி.க்காகவோ எல்.பி.க்காகவோ ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் எடுங்கள், டெக்ஸாமெத்தசோனும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுங்கள், அப்புறம் சி.டி.க்கு அனுப்புங்கள். நீரை சில மணி நேரம் கழித்து எடுத்தாலும் செல் எண்ணிக்கையும் புரதமும் சர்க்கரையும் விஷயத்தைச் சொல்லிவிடும், கல்ச்சர்தான் கொஞ்சம் அடிபடும்.

அடுத்தது ரத்தம் உறைவது. தட்டணுக்கள் 40,000 முதல் 50,000க்குக் கீழே என்றாலோ, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டினாலோ, பெரும்பாலும் சரிசெய்த பிறகுதான் செய்வார்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பொதுவாகத் தடையில்லை. குளோபிடோக்ரல், வார்ஃபரின், ஹெப்பாரின் வகைகள் என்றால் கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவையுங்கள். லோ மாலிக்யூலர் ஹெப்பாரின் தடுப்பு அளவில் போனால் 12 மணி நேரம், முழு சிகிச்சை அளவில் போனால் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஊசி போகும் இடத்தில் தோலில் சீழோ புண்ணோ இருந்தால் அங்கே குத்தவே கூடாது.

பிறகு கருவித் தட்டு. அழுத்தம் அளக்கும் மேனோமீட்டரை முதலிலேயே பொருத்திப் பாருங்கள், மூன்று வழிக் குழாய் எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று பாருங்கள், குழாய்களுக்கு எண் போட்டு மூடியைத் தளர்த்தி வையுங்கள். சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். 1898இல் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தண்டுவட மயக்க மருந்தைத் தன் மேலேயே சோதித்துப் பார்க்க முதுகைக் காட்டியபோது, ஊசியும் சிரிஞ்சும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உதவியாளர் தடுமாறிய நேரத்தில் நீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பியர் ஒன்பது நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தார். தட்டைச் சரிபார்க்காததற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது.

படுக்க வைப்பதில்தான் பாதி வேலை

ஊசி போகவில்லை என்று என்னைக் கூப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஊசியை இல்லை, நோயாளி படுத்திருக்கும் விதத்தை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனியர். வயதான ஒருவருக்கு மூன்று முறை முயன்று மூன்று முறையும் எலும்பில் முட்டி, முகக் கவசத்துக்குள் வியர்த்து நின்றேன். அவர் வந்தார், கையுறைகூடப் போடவில்லை, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று முதுகை நீளவாக்கில் பார்த்தார். மேல் தோள் ஒரு சாண் முன்னால் சரிந்து கிடந்தது, மேல் இடுப்பும் கூடவே உருண்டிருந்தது. நான் தோலுக்கு நேர்குத்தாகத்தான் ஊசியைப் பிடித்திருந்தேன், முதுகெலும்புதான் திரும்பி நின்றது. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, தலைக்கு அடியில் இன்னொன்று, தோளைப் பின்னால் இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்புறம் ஊசி ஒரே தடவையில் போனது.

ஆக, பக்கவாட்டில் படுக்க வைத்தால் முதுகு கட்டிலின் விளிம்பை ஒட்டியும் கட்டிலுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். தோள் மேல் தோள், இடுப்பு மேல் இடுப்பு. முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கட்டும். கழுத்தை நெஞ்சோடு ஒட்ட மடக்கித் திணற வைக்க வேண்டிய அவசியம் இல்லை, இடைவெளியைத் திறப்பது இடுப்பை மடக்குவதுதான். மெத்தை குழிவிழுந்தால் முதுகெலும்பு நடுவில் தொய்ந்து வளையும், இடுப்புக்கு அடியில் மடித்த துணி வைத்து நிமிர்த்துங்கள். உட்காரவைத்துச் செய்வதாக இருந்தால் காலுக்கு முக்காலி கொடுங்கள், முன்னால் மேசை மேல் தலையணை போட்டுக் கட்டிப்பிடித்துக் குனியச் சொல்லுங்கள். பருமனானவர்களுக்கு இதுதான் எளிது, நடுக்கோடு தெரியும். ஆனால் உட்கார்ந்த நிலையில் அளந்த அழுத்தம் செல்லாது, அதோடு மயக்கம் போட்டு விழுவதும் இந்த நிலையில்தான் அதிகம். முகம் வெளுத்து, "ஒரு மாதிரி இருக்கு" என்றாலே ஊசியை எடுத்துவிட்டுப் படுக்கப் போடுங்கள்.

இடம்: இரண்டு இடுப்பெலும்பு மேடுகளையும் இணைத்துக் கோடு போட்டால் அது எல்4, அதாவது நான்காவது இடுப்பு முதுகெலும்பின் முள்ளையோ எல்4-எல்5 இடைவெளியையோ வெட்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1-எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுவதால் எல்3-எல்4, எல்4-எல்5 இரண்டும் பாதுகாப்பானவை. விரலால் தடவிக் கண்டுபிடிக்கும்போது நாம் நினைப்பதைவிட ஒரு இடைவெளி மேலே குத்திவிடுவது சகஜம், அதனால் சந்தேகம் வந்தால் கீழே போங்கள். பருமனானவர் பக்கவாட்டில் படுத்திருந்தால் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு: தோலும் கொழுப்பும் கட்டில் பக்கம் தொய்வதால் கண்ணுக்குத் தெரிகிற நடுமடிப்பு உண்மையான நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும். அல்ட்ராசவுண்ட் இருந்தால் முதலிலேயே வைத்துப் பார்த்துப் பேனாவால் குறியுங்கள். நாலு தடவை குத்தியபிறகு எந்திரத்தைத் தேடி ஓடுவதில் என்ன வீரம் இருக்கிறதோ தெரியவில்லை.

கிருமிநாசினி காயட்டும், குளோர்ஹெக்சிடின் நரம்புக்கு ஆகாது, ஈரத்தோடு குத்தக் கூடாது. முகக் கவசம் கட்டாயம்: எல்.பி.க்குப் பிறகு வந்த மூளைக்காய்ச்சல்களில் செய்தவரின் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸே பிடிபட்டிருக்கிறது. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினைத் தோலோடு நிறுத்தாமல் ஊசி போகப்போகிற பாதை முழுக்கக் கொடுத்து, இரண்டு நிமிடம் பொறுங்கள். வலிக்காத நோயாளி நெளிய மாட்டார், நெளியாத முதுகில்தான் நடுக்கோடு நடுவில் நிற்கும்.

எலும்பில் முட்டினால்

ஊசியைத் தொப்புளை நோக்கிச் சற்றே தலைப்பக்கம் சாய்வாக, 10 முதல் 15 டிகிரி, செலுத்துங்கள். வெட்டுமுனை ஊசி என்றால் அதன் சாய்தளம் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் படுத்தவருக்கு அது கூரையைப் பார்ப்பதாக அமையும்.

முட்டியதும் எல்லோரும் செய்யும் தவறு, ஊசி ஆழத்தில் இருக்கும்போதே அதை வளைத்துத் திருப்பப் பார்ப்பது. தசையும் தசைநாரும் பிடித்திருக்கிற ஊசி திரும்பாது, தண்டு வளையும், முனை அதே இடத்தில் நிற்கும். தோலுக்கடியில் வரை வெளியே இழுங்கள், கோணத்தை மாற்றுங்கள், மறுபடி செலுத்துங்கள். அதற்கு முன் முட்டிய ஆழத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதில் அதில்தான் இருக்கிறது.

கோணத்தைக் கொஞ்சம் தலைப்பக்கம் உயர்த்தி மறுபடி செலுத்துகிறீர்கள். முன்பைவிட ஆழத்தில் எலும்பு தட்டினால், கீழ் முள்ளின் மேல்விளிம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் தலைப்பக்கம் சாய்த்தால் இடைவெளிக்குள் வழுக்கிப் போகும். முன்பைவிட மேலோட்டமாகவே தட்டினால், மேல் முள்ளில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், கால்பக்கம் திருப்புங்கள். எத்தனை முறை மாற்றினாலும் அதே ஆழத்தில் தட்டுகிறது என்றால் நடுக்கோட்டை விட்டு விலகி லாமினா என்கிற பின்தகட்டில் தட்டுகிறீர்கள். அப்போது மேலே கீழே பார்ப்பதில் பயனில்லை, நோயாளியையே கேளுங்கள்: "அய்யா, நான் குத்துறது நடுவில இருக்கா, ஓரமா இருக்கா?" பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்க வெட்கப்படுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதியவர்களுக்கு முள்ளுகளுக்கு நடுவில் உள்ள தசைநார் சுண்ணாம்பு ஏறிக் கட்டிப்போயிருக்கும். நடுவே மரத்தில் குத்துவது போல இருந்தால், நடுக்கோட்டிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. தள்ளிக் குத்தி, உள்நோக்கியும் தலைநோக்கியும் சாய்த்துப் போகும் பக்கவழியில் முயலலாம். முதுகெலும்பு ஒட்டிப்போனவர், அறுவை சிகிச்சையில் கம்பி வைத்தவர், பக்கவளைவு அதிகம் உள்ளவர், இவர்களைக் கட்டிலில் வைத்துக் குத்திக் குத்திப் பார்க்காமல் எக்ஸ்ரே வழிகாட்டலோடு செய்பவரிடம் அனுப்புவதே நல்லது.

காலில் சுளீர் என்றால்

நரம்பு வேரை ஊசி உரசியிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், நோயாளி உங்களுக்கு வரைபடம் கொடுத்துவிட்டார். இடது காலில் அடித்தால் ஊசி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வலது என்றால் வலப்பக்கம். முன்னால் தள்ளாதீர்கள். ஊசித் துவாரத்துக்குள் இருக்கும் மெல்லிய கம்பியான ஸ்டைலெட்டை உள்ளே விட்டு, ஊசியைத் தோலடிவரை இழுத்து, வலித்த காலுக்கு எதிர்ப்பக்கமாக லேசாகத் திருப்புங்கள். கணநேரத்தில் மின்னி மறையும் வலிக்குப் பயப்பட வேண்டாம், இழுத்த பிறகும் வலி நிற்கவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீரே வரவில்லை

பெரியவர்களுக்குத் தோலிலிருந்து நீர் இருக்கும் இடம்வரை பெரும்பாலும் 4.5 முதல் 7 செ.மீ. வழக்கமான ஊசி 9 செ.மீ. நீளம், ஆகவே அது அடிவரை போயும் பருமனான ஒருவருக்கு எட்டாமல் இருக்கலாம், 12 அல்லது 15 செ.மீ. ஊசி தேவைப்படும். "பொக்" என்று ஒரு விடுபடல் விரலுக்குத் தெரியும் என்பார்கள். தெரியலாம், தெரியாமலும் போகலாம், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால் ஆழம் நெருங்கியதும் 2 மி.மீ.க்கு ஒரு தடவை ஸ்டைலெட்டை உருவிப் பாருங்கள். உருவியதும் உடனே "இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். மெல்லிய 22 கேஜ் ஊசியில் முதல் சொட்டு வெளிமுனையில் தலைகாட்டி, குமிழாகப் பெருத்து, நடுங்கி, விழ நேரமெடுக்கும்.

இடம் சரிதான் என்று தோன்றியும் வரவில்லையா? ஊசியை அதே ஆழத்தில் 90 டிகிரி சுழற்றுங்கள், துவாரத்தை நரம்பு வேரோ உறையோ அடைத்திருக்கலாம். ஸ்டைலெட்டைப் போட்டு எடுங்கள். மெதுவாக இருமச் சொல்லுங்கள். நீரிழப்பில் இருப்பவர், முந்தைய எல்.பி. துளையிலிருந்து கசிவு இருப்பவர், இவர்களுக்கு அழுத்தமே குறைவாக இருக்கும், உட்காரவைத்துச் செய்தால் வரலாம். சிரிஞ்சை வைத்து உறிஞ்சுவது மட்டும் கூடாது, நரம்பு வேரை இழுத்துக்கொள்ளும், ரத்தமும் கசியும்.

வெளியே வந்தது ஒரே ஒரு சொட்டாக நின்றுபோனால் அது நீங்கள் போட்ட லிக்னோகெயினாகவும் இருக்கலாம். குளுக்கோமீட்டர் பட்டையில் தொட்டால் சர்க்கரை காட்டுகிறதா என்று பார்ப்பது கைவைத்தியம் மாதிரியான ஒரு சோதனை, ஆனால் ரத்தம் கலந்திருந்தால் அதை நம்பாதீர்கள்.

ரத்தம் வந்தால்

தண்டுவடம் போகும் முதுகெலும்புக் கால்வாயின் முன்பக்கம் சிரைகள் பின்னிக் கிடக்கின்றன, ஊசி கொஞ்சம் அதிகமாகப் போனால் அதைக் கிழிக்கும். நீரில் கலந்து சிவப்பாக வந்தால் ஊசியை எடுக்காதீர்கள், குழாய்களில் வரிசையாகப் பிடியுங்கள். முதல் குழாயில் செக்கச் செவேலென்று இருந்து மூன்றாவதில், நான்காவதில் தெளிந்தால் ஊசிக் காயம் என்று நினைக்கலாம். எல்லாக் குழாயிலும் ஒரே சிவப்பு என்றால் மூளையுறைக்குக் கீழான ரத்தக்கசிவை நினைக்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்காகவே எல்.பி. செய்தால், தலைவலி தொடங்கி 12 மணி நேரம் கழித்து எடுத்த நீரில்தான் பழைய ரத்தம் சிதைந்து தரும் மஞ்சள் நிறத்தை நம்பிப் பார்க்க முடியும், குழாயை வெளிச்சம் படாமல் மூடி உடனே அனுப்ப வேண்டும். நீரே இல்லாமல் ரத்தமாக வந்து ஊசிக்குள் உறைந்தால் அந்த ஊசி முடிந்தது. புது ஊசி, வேறு இடைவெளி.

500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணுவைக் கழிப்பது, 1000 சிவப்பணுவுக்கு ஒரு டெசிலிட்டரில் 1 மி.கி. புரதத்தைக் கழிப்பது என்று கணக்கு உண்டு. அது உத்தேசம்தான். அந்தக் கணக்கை நம்பி மூளைக்காய்ச்சல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அழுத்தமும் அளவும்

கால்களைத் தளர்த்தி நீட்டச் சொல்லுங்கள், வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தால் அழுத்தம் பொய்யாக ஏறும். மேனோமீட்டரில் நீர்மட்டம் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கினால் இடம் சரி. பெரியவர்களுக்கு 25 செ.மீ. நீருக்கு மேல் போனால் அதிகம். 40க்கு மேல் எகிறினால் ஸ்டைலெட்டைப் போட்டு மூடுங்கள், மேனோமீட்டரில் இருப்பதை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தலைமாட்டை உயர்த்துங்கள், மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மேனிட்டாலும் சீனியரும் வரட்டும், நினைவும் கண்பாவையும் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இதற்கு நேர்மாறு பூஞ்சையால் வரும் கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல்: அங்கே ஏறிய அழுத்தத்தைப் பாதியாகவோ 20 செ.மீ.க்கோ இறக்குவதே சிகிச்சை.

உடம்பில் மொத்தம் 150 மி.லி. நீர்தான் இருக்கிறது என்று கேட்டுப் பயந்து நாலு சொட்டோடு நிறுத்துபவர்கள் உண்டு. மணிக்கு ஏறக்குறைய 20 மி.லி. சுரக்கிறது, 10 மி.லி. எடுத்தால் அரைமணியில் நிரம்பிவிடும். காசநோய்ச் சந்தேகம் என்றால் தாராளமாக எடுங்கள், குறைந்த நீரில் கிருமி சிக்காது. ரத்தச் சர்க்கரையையும் அதே நேரத்தில் அனுப்ப மறக்காதீர்கள், அது இல்லாமல் நீரின் சர்க்கரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் வார்டில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

பச்சைக் குழந்தைகள்

தண்டுவடம் எல்3 வரை இறங்கியிருக்கும், எல்4-எல்5 நல்லது. கழுத்தை மடக்காதீர்கள், மூச்சுத் திணறும். பிடித்திருப்பவரின் கண் குழந்தையின் நிறத்திலும் ஆக்சிஜன் அளவிலும் இருக்கட்டும். தோலைத் தாண்டும்வரை ஸ்டைலெட் கட்டாயம், தோல் துணுக்கு உள்ளே போய்ப் பின்னாளில் கட்டியாக வளரக்கூடும். தாண்டியபின் அதை உருவிவிட்டு மெல்ல முன்னேறினால் நீர் வருவது உடனே தெரியும். ஆழத்துக்கு ஒரு உத்தேசக் கணக்கு: உயரத்தை 0.03ஆல் பெருக்குங்கள், 100 செ.மீ. குழந்தைக்கு 3 செ.மீ.

எத்தனை முறை?

என் கணக்கு: ஒருவர் இரண்டு அல்லது மூன்று முறை, அதற்கப்புறம் வேறு கை. நாலாவது முயற்சியில் நோயாளியும் களைத்திருப்பார், நீங்களும் கோபத்தில் இருப்பீர்கள், ஊசி முனை எங்கே என்ற கேள்வியையே மறந்திருப்பீர்கள்.

முடிந்த பிறகு, நோயாளிக்கும் வீட்டாருக்கும்

"முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்ற பயம்தான் எல்லோருக்கும். பெரியவர்களுக்கு ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். குத்திய இடத்தில் ஓரிரு நாள் வலி இருக்கும், அது சாதாரணம்.

தலைவலி வேறு கதை. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தொடங்கும், எழுந்து உட்கார்ந்தால் தாங்காது, படுத்தால் அடங்கும். துளை வழியே நீர் கசிவதால் வருவது. முதல் பகுதியில் சொன்ன பியர் என்ற மருத்துவருக்கு வந்தது இதே தலைவலிதான். அசையாமல் படுத்துக் கிடந்தால் வராது என்பது பழைய நம்பிக்கை, படுக்கை ஓய்வு அதைத் தடுப்பதில்லை. தடுப்பது ஊசிதான்: 2018இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில் வெட்டுமுனை ஊசிக்கு 11 சதவீதம், பென்சில்முனை ஊசிக்கு 4.2 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்திருந்தது. ஊசியை வெளியே எடுக்கும்முன் ஸ்டைலெட்டைத் திரும்பப் போடுவதும் உதவுகிறது. வந்துவிட்டால் பாராசிட்டமால், போதிய தண்ணீர், காபி, சில நாள் பொறுமை. அடங்கவில்லை என்றால் நோயாளியின் ரத்தத்தையே 15 முதல் 20 மி.லி. எடுத்து டியூரா என்ற உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைக்கும் பிளட் பேட்ச் இருக்கிறது, எழுந்து உட்காரவே முடியாமல் இருந்தவர் அன்றைக்கே நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டியவை: முதுகுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, கால் பலவீனம், தொடைக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்து மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம், காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து இறுகினாலும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் அப்படியே. படுத்தால் அடங்கிக்கொண்டிருந்த தலைவலி ஒருநாள் படுத்தாலும் அடங்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று சி.டி.யில் பார்க்க வேண்டும்.